ஓங்கிய கைக்கு ஒரு வேலை

மலையக்காவை நான் முதலில் பார்த்தது பெருமாநல்லூர் நால்ரோட்டில். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு, ஓட்டி வந்தவர்கள் நடுரோட்டில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. இருவரில் ஒருவன் கையை ஓங்கினான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள்ளிருந்து குள்ளமாக ஒரு பெண் வந்தார். ஓங்கிய கையில் தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திணித்து, "கொஞ்சம் பிடி தம்பி, சேலை சிக்கிக்கிச்சு" என்றார்.

அவன் பிடித்துக்கொண்டான். யாராக இருந்தாலும் பிடித்துத்தான் இருப்பார்கள். அவர் அவசரமே இல்லாமல் முந்தானையை உதறி, மடித்து, இடுப்பில் செருகினார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தூக்குப்போசியோடு நின்றவனுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு அடிப்பதற்குக் கோபம் போதவில்லை. எதிரில் நின்றவன் சட்டையை விட்டுவிட்டான். அவர் போசியை வாங்கித் திறந்து, சாம்பார் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் எங்கள் பனியன் கம்பெனி ஷெட்டு வாசலில் வேலை கேட்டு வந்து நின்றவர் அதே பெண்தான். கூட வயசுக்கு வந்த ஒரு மகள், ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. திருப்பூர் வெயிலுக்குக் கம்பளியோடு வந்தவரைப் பார்த்து வாட்ச்மேன் சிரித்தார். வால்பாறைக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர். அங்கே வேலை குறைந்து, கூலி ஆட்கள் இருந்த லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு கீழே இறங்கிவிட்டார். மலையிலிருந்து வந்தவர் என்பதால் மலையக்கா. அவருக்கென்று நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனி என்று நான் சொன்னாலும் அது என் அண்ணனும் தம்பியும் நடத்தியது. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நான். காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் தவறிய பிறகு அப்பா என்னைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரிக்கிற செக்கிங் பகுதி என் பொறுப்பு. மலையக்காவுக்குத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் கொடுத்தோம். சீக்கிரமே கற்றுக்கொண்டார். கொழுந்து கிள்ளிய விரல்கள் துணியைத் தள்ளும் வேகமே தனியாக இருந்தது.

அவரை நல்லவர் என்று எழுதிவிட்டால் பாதிதான் எழுதியதாக ஆகும். தண்ணீர்க் குழாயடியில் அவர் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. வாயால் அடிப்பதற்கு அவருக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. கடன் சொல்லி வாங்கிய வெற்றிலையைத் தானமாகக் கிடைத்தது மாதிரி மறந்துவிடுவார். சாமி கும்பிடுகிற நாளில்கூட யாரோடாவது முறைத்துக்கொண்டு இருப்பார். ஆனால் ஒரு கை மேலே போய்விட்டால் மட்டும், அது யார் கையாக இருந்தாலும், எத்தனை தூரத்தில் இருந்தாலும், மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து ஓடுவார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கமாட்டார். சமாதானம் சொல்லமாட்டார். அந்தக் கையில் எதையாவது கொடுத்துவிடுவார்.

ஷெட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாடகை வீடுகளில்தான் அவரும் குடியிருந்தார். பக்கத்து அறையில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையானால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பான். ஒரு ஞாயிறு மதியம் சத்தம் கேட்டதும் மலையக்கா எதிர்வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "இதைப் பிடி, அடுப்புல பால் பொங்குது" என்று அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் மனைவியை இழுத்துக்கொண்டு வந்து தன் அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பிள்ளையின் அம்மா பதறிப்போனாள். மலையக்கா ஜன்னல் வழியாகக் கண்ணை எடுக்காமல் பார்த்தபடிதான் இருந்தாராம். அந்த ஆள் வாசல்படியில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் மூத்திரத்தோடு, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லா நேரமும் இப்படி நடந்துவிடாது. அவர் கழுத்தில் ஒரு வெந்த தழும்பு இருந்தது. எஸ்டேட்டில் இருந்தபோது ஒருவன் கையில் டீ டம்ளரைக் கொடுக்க, அவன் அதை அவர் மேலேயே ஊற்றிவிட்டான். "சூடாக் குடுத்தது என் தப்பு. ஆத்திக் குடுத்திருக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு முறை நடந்ததை அவர் சிரித்துக்கொண்டு சொன்னதே இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் அப்போது எங்களிடம் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை லைன் சூப்பர்வைசர் தலையில் தட்டிவிட்டான். வேலை மெதுவாக நடக்கிறது என்று காரணம். அவள் சட்டென்று எழுந்து, அவனைத் திருப்பி அறைவதற்குக் கையை ஓங்கினாள். மலையக்கா ஓடிப்போய் அந்தக் கையில் ஒரு கட்டுத் துணியைத் திணித்தார். அந்தப் பெண் துணியைப் பிடித்தபடி நின்றாள். சூப்பர்வைசர் இளித்துவிட்டு நகர்ந்தான். அவள் மலையக்காவைப் பார்த்த பார்வையை நான் எதிர் டேபிளிலிருந்து கண்டேன். 

மறுநாள் காலையில் மலையக்கா என்னிடம் வந்து, "தங்கச்சி, நேத்து நான் பிடிச்சது தப்பான கை" என்றார். மிஷினில் போய் உட்காரவில்லை. அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு அண்ணனின் ரூமுக்குள் போனார். அண்ணன் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். விசாரித்து முடியும் வரைக்கும் இங்கேயே இருக்கிறோம் என்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் சூப்பர்வைசர் வெளியேறினான். பிறகும் அந்தப் பெண் மலையக்காவோடு சேர நாளானது. அது சரிதான் என்பது போல மலையக்காவும் தள்ளியே இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகளில் சாய்ந்துகொண்டு அவர் கதை சொல்வார். பேய்க்கதை, யானைக்கதை எல்லாம் உண்டு. ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது அண்ணன் தம்பி கதையைத்தான்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆனைமலைக் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலம். தெற்கே மழை பொய்த்துப்போன ஓர் ஊரிலிருந்து அண்ணனும் தம்பியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணிக்குப் பின்னால் மலையேறுகிறார்கள். மேலே நெல்லுச்சோறு கிடைக்கும், ஆளுக்கொரு கம்பளி கிடைக்கும் என்று கங்காணி சொல்லியிருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. சோறும் கிடைத்தது, கம்பளியும் கிடைத்தது. திரும்பி இறங்கத்தான் வழியில்லை. பாதையில் காவல் போட்டிருந்தார்கள். அண்ணன் மரம் வெட்டினான். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். தம்பிக்குக் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கங்காணிக்கு உதவியாளாகப் போனான். துரை அவனுக்குத் தன்னுடைய பழைய கோட்டு ஒன்றையும், கையில் பிடிக்க ஒரு பிரம்பையும் கொடுத்தார். பகலில் அப்படி இருந்தாலும் ராத்திரி அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே தட்டில் சாப்பிட்டுத்தான் படுத்தார்கள்.

ஓர் அடைமழைக் காலத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. ஆட்கள் படுத்த இடத்திலேயே செத்தார்கள். அண்ணன் பயந்துபோய்க் கீழே இறங்கி ஓடப் பார்த்தான். தம்பியையும் கூப்பிட்டான். தம்பி வரவில்லை. பாதைக் காவலில் மாட்டிய அண்ணனைப் பிடித்துக்கொண்டு வந்து, எல்லா ஆட்களையும் வரிசையில் நிறுத்திவைத்து, நடுவில் நிற்கவைத்தார்கள். துரை குதிரையில் உட்கார்ந்திருந்தார். பிரம்பு யார் கையில் இருக்கிறதோ அவனே அடிக்கட்டும் என்று சொன்னார்.

"தம்பி அடிச்சாரு" என்று சொல்லி மலையக்கா தட்டைக் கழுவ எழுந்துவிடுவார்.

கேட்டவர்கள் விடமாட்டார்கள். அப்புறம் அண்ணன் என்ன ஆனான் என்று பின்னாலேயே போவார்கள். அவர் சொல்லும் முடிவு நாளுக்கொன்றாக இருக்கும். அடிபட்ட அன்று சாயங்காலமே அண்ணன் காட்டுக்குள் இறங்கிவிட்டான் என்பது மட்டும் மாறாது. ஒரு நாள் அவன் மலையைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் போய், கல்யாணம் கட்டி, பாக்குத்தோட்டம் வைத்துப் பிழைத்துக்கொள்வான். இன்னொரு நாள் யானை மிதித்துவிடும். வேறொரு நாள் சலவைக் கஞ்சி போட்ட வேட்டியோடு திரும்பி வந்து தம்பி வீட்டு வாசலில் நிற்பான். எங்கள் கட்டிங் மாஸ்டர் தேனிக்காரர். அவருக்குக் கதை கேட்கக் கேட்க ஆத்திரம் வரும். "நானா இருந்தா அந்தப் பெரம்பாலயே தொரையச் சாத்தியிருப்பேன். கூடப் பிறந்தவன அடிச்ச கை வெளங்குமாக்கா?" என்பார்.

மலையக்கா அவரை ஒரு நிமிஷம் பார்ப்பார். "சாத்தியிருப்பீங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விடுவார். அவர் அந்த அடிபட்ட அண்ணனின் வம்சமாக இருக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு துக்கத்தோடு சொல்கிறார் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் தகராறு தொடங்கியது. அப்பா இருந்தவரை ஷெட்டும் அதைச் சுற்றியிருந்த விவசாயக் காடும் ஒன்றாகவே கிடந்தன. அந்தப் பக்கமாகப் புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், பிரித்துக்கொள்வது என்று ஆனது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். கல் நட்ட இரண்டு மாதத்தில் அது இருந்த இடத்தில் இல்லை, தம்பியின் பக்கம் நிலம் கூடுகிற மாதிரி நகர்ந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னான். தம்பி தனக்குத் தெரியாது என்றான். நடுவில் குழாய் பதிப்பதற்கு ஒரு ஜேசிபி வந்து போயிருந்தது. அது இடித்திருக்கலாம். யார் கண்டார்கள்? இன்றுவரை அது தெரியாது.

அண்ணன் என்னை விட ஏழு வயது மூத்தவன். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். தம்பிக்குக் காது குத்தியபோது மாமன் மடியில் உட்காராமல் அண்ணன் மடிக்கு ஓடியதை இன்னும் எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரே ஷெட்டுக்குள் இரண்டு வாசல் வழியாக வர ஆரம்பித்தார்கள். டீ வாங்கப் போகிற ஆளைக்கூடத் தனித்தனியாக அனுப்பினார்கள். அண்ணி என்னிடம் வந்து அழுவார். தம்பி மனைவி வேறொரு நாள் வந்து அழுவாள். நான் யாருக்கென்று ஆறுதல் சொல்வது? எனக்குப் பிறந்த வீடு என்பது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

ஒரு ஆடி மாதம். காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தம்பி கோயம்புத்தூர் போயிருந்த சமயத்தில் அண்ணன் கொத்தனார்களை வரச்சொல்லி, தான் சரியென்று நினைத்த இடத்தில் சுவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்துவிட்டான். யாரோ தம்பிக்குச் சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது தம்பியின் கார் உள்ளே வந்தது. காரை அணைக்காமலே இறங்கிப்போய், கொத்தனார் அளவுக்குக் கட்டியிருந்த கயிற்றைக் காலால் உதைத்து அறுத்தான்.

"அண்ணா, நீங்க பண்றது ஞாயமுங்களா?" என்றான். அந்த நேரத்திலும் அவன் மரியாதையை விடவில்லை.

"ஞாயத்தை நீ பேசறயா? கல்லை நகுத்திப் போட்டவன் நீ பேசறயா?"

"அப்பன் மேல சத்தியமா நான் தொடலீங்க."

"செத்தவரை எதுக்குடா இழுக்கறே" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அருகில் வந்தான். தம்பி அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அண்ணன் மணல் குவியலில் விழுந்தான். கொத்தனார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்தபோது அவன் கையில் கான்கிரீட்டுக்கு வைத்திருந்த இரும்புக் கம்பி இருந்தது. நான் செக்கிங் பகுதி வாசலில் நின்று கத்தினேன். மிஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மலையக்கா அப்போதுதான் வெற்றிலை துப்புவதற்காக வெளியே வந்திருந்தார். அவர் ஓடியதைப் பார்த்தேன். ஓடும்போதே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதையாவது எடுக்கத்தான் பார்த்தார். சுற்றிலும் மணலும் செங்கல்லும்தான் கிடந்தன. அதையெல்லாம் கோபக்காரன் கையில் கொடுக்க முடியுமா? கொடுப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் தன் கையையே குறுக்கே கொடுத்தார்.

காய்ந்த தென்னம்பாளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அந்த அடி தம்பியின் தலையில் இறங்கியிருக்க வேண்டியது. 

அவர் மணல் மேல் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. "பெரிய தம்பி, கம்பியைக் கீழ போடுங்க. சின்ன தம்பி, கார் ஓடிக்கிட்டுத்தான இருக்கு, கொண்டாங்க" என்றார். இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

தம்பி காரை ஓட்டினான். அண்ணன் பின்சீட்டில் அவரோடு உட்கார்ந்து, ஒடிந்த கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். நான் முன்சீட்டில் இருந்தேன். வழியெல்லாம் மலையக்கா, தொங்கவிடாதீங்க, முழங்கைக்குக் கீழ பிடிங்க, பள்ளம் வருது பாருங்க என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கம்பி பட்டுவிட்டது என்றார் மலையக்கா. அது பொய் இல்லை. யார் கையிலிருந்த கம்பி என்று டாக்டர் மேற்கொண்டு கேட்டபோது, "கேஸ் குடுக்கிற எண்ணம் எனக்கில்ல சார், கட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு அண்ணன் உள்ளே வந்தான். அதுவரைக்கும் அவன் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, "அக்கா, என்ற கையை வெட்டிப் போடோணுங்க" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பா இறந்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மலையக்கா அவனை உட்காரச் சொன்னார். 

"நான் சொல்ற கதையை நீங்க கேட்டிருக்கீங்களா பெரிய தம்பி? அண்ணன் தம்பி கதை?"

அண்ணன் தலையாட்டினான். கம்பெனியில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் யாருமில்லை.

"அதுல அடிச்சவரு எங்க தாத்தா. எங்க அப்பாவப் பெத்தவரு. நான் அடிபட்டவரோட வம்சம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர் என்னையும் பார்த்துத்தான் சொன்னார். தாத்தா கடைசிக் காலத்தில் வலது கையைச் சும்மா வைத்திருக்கமாட்டாராம். ஒரு கூழாங்கல், ஒரு குச்சி, டம்ளர், எதுவும் இல்லையென்றால் பேத்தியின் கை. எதையாவது பிடித்தபடியேதான் உட்கார்ந்திருப்பாராம். கை காலியாக இருந்தால் அந்த நாள் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பாராம்.

"பிரம்பைக் குடுத்தது தொரைதானேன்னு ஊரே அவருக்குச் சொல்லுச்சு. நீ அடிக்காட்டி ரெண்டு பேரையும் கொன்னிருப்பான்னு சொல்லுச்சு. அவரோட கைக்கு அது கேக்கல தம்பி. அண்ணன் அன்னைக்கே காட்டுக்குள்ள போயிட்டாரு. போனவரு போனவருதான். தாத்தா சாகுற வரைக்கும் தேயிலைக் காட்டு ஓரத்துல நின்னு காட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் சொல்ற முடிவெல்லாம் நானாக் கட்டுனது. என்ன ஆச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது."

மூச்சு வாங்கியது அவருக்கு. நர்ஸ் வந்து பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் நல்ல கையால் வெளியே காட்டினார்.

"உங்க தம்பி அந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு. காட்டுக்குள்ள போகல."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். நான் கதவருகில் நின்று பார்த்தேன். பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சர்வேயரை மறுபடி வரவழைத்து, இருவரும் நின்று பார்க்க, கல்லை நட்டார்கள். சுவர் வந்தது. தம்பி அந்தப் பக்கம் தனியாகக் கம்பெனி வைத்தான். ரொம்ப வருஷம் அவர்களுக்குள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் வராமல் இருந்ததில்லை. வந்து, மொய் எழுதி, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். எனக்குத் தீபாவளிக்கு இரண்டு வீட்டுச் சேலையும் வரும். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் மலையக்காவைத்தான் நினைப்பேன். அந்த அடி விழுந்திருந்தால் ஒரு தம்பி மண்ணுக்குள்ளும் ஒரு அண்ணன் ஜெயிலுக்குள்ளும் போயிருப்பார்கள். எனக்கு யார் வீட்டிலிருந்து வந்திருக்கும் சேலை?

அவருடைய கை கூடியது. ஆனால் மணிக்கட்டு கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. ஓவர்லாக் மிஷினில் துணியைத் தள்ள வரவில்லை. இரண்டு கம்பெனித் துணியும் வந்துகொண்டிருந்த என் செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் அவரைத் தங்கள் தங்கள் பக்கம் வரச்சொல்லி என் மூலமாகக் கேட்டுப் பார்த்தார்கள். தங்கச்சி எங்கேயோ அங்கேதான் என்று சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து முன்னால் நின்று செய்தார்கள். பந்தியில் இருவரையும் அடுத்தடுத்த இலையில் உட்காரவைத்துவிட்டு, தான் ஒன்றும் அறியாதவர் போலப் பாயசம் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் அந்தக் கதையை மலையக்கா கம்பெனியில் சொன்னார். ஆனால் "எங்க தாத்தா" என்று தொடங்கித்தான் சொன்னார். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலம் செக்கிங் டேபிளருகில் வந்து, "தெரியாமப் பேசிட்டேன்க்கா" என்றார். தெரிந்தாலும் அப்படித்தானே பேச வேண்டும், அதில் என்ன தப்பு என்று மலையக்கா அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

வயசான பிறகு திருப்பூர் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மலைக்கே திரும்பிவிட்டார். அங்கே அவருடைய தங்கை குடும்பம் இருந்தது. எப்போதாவது போனில் பேசுவோம். முதலில் என் தம்பியைக் கேட்பார், பிறகு அண்ணனைக் கேட்பார், கடைசியில்தான் என்னைக் கேட்பார்.

போன மழைக்காலத்தில் அவர் மகள் கூப்பிட்டு, அம்மா காலையில் தவறிவிட்டார் என்றாள். நான் அண்ணனுக்குச் சொன்னேன். தம்பிக்குச் சொன்னேன். நான் வண்டி எடுக்கறேன், அம்முணி, நீ வா என்றான் அண்ணன். தம்பியும் அதே காரில் வரட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். இரண்டு பேருமே மறுக்கவில்லை. அண்ணன் ஓட்ட, நான் முன்னால் உட்கார, தம்பி பின்சீட்டில் இருந்தான். ஆழியாறு தாண்டி மேலே ஏறி முடிக்கும் வரைக்கும் மழையும் வைப்பரும்தான் பேசிக்கொண்டிருந்தன.

மேலே ஆட்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். எஸ்டேட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? பாடை தூக்க அண்ணனும் தம்பியும் முன்னால் போய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. வழுக்குகிற மண்ணில் இருவரும் கால் ஒன்றாக வைத்து நடந்ததை நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் சேறு. அண்ணனின் காலிலிருந்த அட்டையைத் தம்பி உப்பு வைத்து எடுத்துப் போட்டான்.

இறங்கும்போது தம்பிக்குக் குமட்டல் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மலைப்பாதை ஆகாது. அண்ணன் ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினான். தம்பி இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அண்ணன் பின்னால் போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா அப்படித்தான் பிடிப்பார். பிறகு தண்ணீர் ஊற்றி அவன் முகத்தைக் கழுவிவிட்டான். தம்பி மறுபடி பின்சீட்டுக் கதவைத் திறக்கப் போனான்.

"முன்னால வந்து உக்காருடா. பின்னால உக்காந்தா பெரட்டத்தான் செய்யும்" என்றான் அண்ணன்.

நான் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனேன். தம்பி முன்னால் ஏறிக்கொண்டான். அண்ணன் அவன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்த வளைவு வருவதற்குள் இரண்டு பேரும் தம்பி மகளின் கல்யாணத்துக்கு எந்த மண்டபத்தைப் பிடிப்பது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.